கூறைச் சட்டையில் மஞ்சள் தண்ணீர்

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இந்த வரிசை வீடுகளைக் கட்டியவர்கள் செங்கல்லில் மிச்சம் பிடித்தார்களோ என்னவோ, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பன்னிரண்டு வருடங்களாக அவளுடைய தையல் மெஷின் ஓடும் சத்தத்தில்தான் நான் காலைத் தேநீர் குடித்தேன். மெஷின் ஓடவில்லை என்றால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மத்தியானம் ஒரு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவள் துருக்கியின் தெற்குப் பக்கத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள், கணவனைப் பிரிந்து தனியாக இருப்பவள். முன்னறையில் மெஷினைப் போட்டு உடுப்புத் திருத்திக் கொடுப்பாள். கல்யாண உடுப்புக்கு மணி கோத்துத் தைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் இரவல் மொழிதான். அதில் தேவையானதை மட்டும் பேசிக்கொள்வோம், அது போதுமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் 'அக்கா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

நான் அவளுக்குச் செய்தது என் மனுசனுக்குப் பாதி தெரியும். மகளுக்குத் தெரிந்தது பொய். முழுவதும் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுதான் இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது.

அந்தத் தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். கூறைப் புடவைக்குப் போடும் சட்டையை ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் தைக்கக் கொடுத்தோம். மகள் போட்டுப் பார்த்தபோது கை மடக்க முடியவில்லை, முதுகு இழுத்துக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மகள் அழத் தொடங்கினாள், நான் கடைக்காரரைத் திட்டத் தொடங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டும் கேட்டிருக்க வேண்டும். கதவைத் தட்டினாள். சட்டையைத் திருப்பிப் பார்த்தாள், உள் தையலை நகத்தால் தடவினாள்.

"என்னிடம் தாருங்கள் அக்கா. கை இரண்டையும் கழற்றிப் புதிதாக வைக்கிறேன். முதுகில் மணியும் போட்டுத் தருகிறேன். இது என் பரிசு," என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொன்னுருக்கு. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவார்கள். அதே நாளில் இரண்டு வீட்டிலும் முருங்கைக் கிளையைக் கன்னிக்காலாக நடுவார்கள். கல்யாண முருங்கைக்கு லண்டனில் எங்கே போவது? பின்வளவுச் செரி மரத்தில் ஒரு கிளையை வெட்டி, பூச்சாடியில் மண் போட்டு நட்டோம். ஐயர் அதற்கும் மந்திரம் சொன்னார். பொன் உருக்கிக் கால் நட்டுவிட்டால், கல்யாணம் முடியும்வரை அந்த இரண்டு வீட்டாரும் செத்தவீட்டுப் படி மிதிக்கக்கூடாது. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது சட்டம். கவுன்சில் சட்டத்தையாவது ஒளித்துக்கொண்டு மீறுவோம், இதை மீறமாட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை, விடிய ஆறு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மெஷின் சத்தமல்ல, அழுகை. கேத்தலை அடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டேன். மனுசன் தொலைக்காட்சியைப் போட்டார். அவளுடைய ஊர்ப்பக்கம் நிலம் நடுங்கியிருந்தது. அவள் சொல்லி நான் பல தடவை கேட்ட பழைய நகரம் அது. மசூதி, தேவாலயம், கல் பாவிய சந்தை என்று எல்லாவற்றையும் அவள் கைவிரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். சந்தைக்குப் பின்னால் நாலாவது மாடியில் அவளுடைய தாய் தனியாக இருந்தார். தொலைக்காட்சியில் அந்தச் சந்தை இருந்த இடத்தில் வெறும் புழுதி நின்றது.

"ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவமே?" என்றார் மனுசன்.

"பொன்னுருக்கின வீடு. விசர்க்கதை கதையாதையுங்கோ," என்றேன்.

அவர் எழும்பி வாசற்கதவுவரை போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய தமக்கை, என் மச்சாள், வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிறா. சடங்கு விடயத்தில் எங்கள் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம். போன் எடுத்துக் கேட்டேன்.

"தாயின்ர சடலம் எடுத்தாச்சோ?"

"இல்லை மச்சாள். இன்னும் தேடுகினம்."

"அப்ப துடக்கு, தீட்டு எண்டு சொல்லேலாது. ஆனா ஒப்பாரி கேட்ட வீடு. ஏன் வீண் வில்லங்கம்? ஞாயிறு கல்யாணம் கழியட்டும், பிறகு போ."

மச்சாளின் தலையில் பழியைப் போட்டு நான் தப்ப நினைக்கவில்லை. அவ போகச் சொல்லியிருந்தால் இன்னொருவரைக் கேட்டிருப்பேன். எனக்குப் பயம். என் பிள்ளையின் கல்யாணத்தில் ஒரு குறை வந்துவிடும் என்ற பயம் என்னை அந்தக் கிழமை முழுக்க ஆட்டிப் படைத்தது.

செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அக்கா, என் அம்மா கீழே இருக்கிறார். கட்டடம் எரிகிறது. பிரார்த்தனை செய்யுங்கள்.' விழுந்த கட்டடங்களுக்குள் தீப் பிடித்திருந்தது. அணைக்கத் தண்ணீர் இல்லையாம், தெருவே இல்லாததால் வண்டியும் வரமுடியவில்லையாம். நான் கும்பிடும் கை இரண்டு அனுப்பினேன். சுவரில் தட்டினால் அவளுக்குக் கேட்டிருக்கும். அந்தச் செய்தி இங்கிருந்து எங்கோ ஒரு கோபுரத்துக்குப் போய் அங்கிருந்து அவளுடைய போனுக்கு வந்திருக்கும், நடுவில் இருந்தது ஒரு செங்கல்.

புதன்கிழமை நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் இதே பேச்சு. "அழிவைப் பற்றி எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நாங்கள் பார்த்து வந்தவர்கள்," என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. வேலை முடிந்து வந்து அலுமாரியைத் திறந்து மூன்று பை நிறையப் போர்வை கட்டினேன். பக்கத்து வீதித் தேவாலய மண்டபத்தில் நிவாரணப் பொருள் சேர்த்தார்கள். அங்கே பைகளோடு நின்ற என்னை யாரோ படம் பிடித்து எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பெருவிரல் மேல் பெருவிரலாக விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு ஒரு தேநீர் கொடுக்காதவள், இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் போர்வை அனுப்பிப் பேர் வாங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மெஷின் ஓடியது. இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டபோது, ஆள் கொஞ்சம் தேறிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. உடனே வேறொன்று நினைவு வந்தது. கூறைச் சட்டை அங்கேதான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை செய்தி அனுப்பினேன். எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். எனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்று சில சமயம் எடுத்துப் பார்ப்பேன். 'உங்களுக்குக் கஷ்டமான நேரம். சட்டையை முடிக்க வேண்டாம். அப்படியே வாசலில் வைத்துவிடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.' மேலோட்டமாகப் பார்த்தால் கரிசனை. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அவள் வாசலில் வைக்கவில்லை. மத்தியானம் கதவைத் தட்டினாள். திறந்தேன். நாலு நாளில் முகம் சுருங்கியிருந்தது, கண் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு கையிலும் சட்டையை ஏந்திக்கொண்டு நின்றாள். இஸ்திரி போட்டு மடித்திருந்தாள். கழுத்திலிருந்து முதுகுவரை பொன் மணி இறங்கியிருந்தது.

"முடித்துவிட்டேன் அக்கா. சும்மா இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊசி கையில் இருந்தால்தான் மூச்சு வருகிறது."

நான் என்ன செய்தேன்? கதவுக்குப் பின்னால் தொங்கிய சுப்பர் மார்க்கெட் பை ஒன்றை எடுத்து, வாயை அகல விரித்து, அவளுக்கு முன்னால் நீட்டினேன். கை படாமல் வாங்கவேண்டும். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தானே ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

"சுகமில்லையா அக்கா?"

"ஓம், கொஞ்சம் தடிமன்," என்றேன். இருமிக்கூடக் காட்டினேன்.

"அப்படியென்றால் கிட்ட வராதீர்கள். கல்யாணப் பெண்ணுக்கு ஒட்டிவிடும். கவனம்," என்று சொல்லி, சட்டையை மடிப்புக் கலையாமல் பைக்குள் இறக்கினாள். தாய் நெருப்புக்குள் கிடக்கும் நேரத்தில் என் தடிமனுக்குக் கவலைப்பட்டாள். அவளுடைய தாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கதவு மூடும் அவசரத்தில் அதுவும் கேட்கவில்லை.

பையைப் பின்வளவுக்குக் கொண்டுபோனேன். சட்டையை எடுத்து உடுப்புக் கொடியில் போட்டு, செம்பில் மஞ்சள் கரைத்து, மாவிலை இல்லாததால் கையாலேயே தெளித்தேன். தீட்டுக் கழிய வேண்டுமே! மாசி பிறக்கப் போகும் குளிர், விரல் விறைத்தது. மூன்று தரம் தெளித்தேன். உள்ளே கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் காயப்போட்டபோதுதான் கண்டேன். பட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்று எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். முதுகுப்புறத்தில், மணிக்கு நடுவில், துளித் துளியாகக் கருத்த கறை. ஓரம் மட்டும் மங்கல் மஞ்சள். துடைக்கத் துடைக்கப் பெருத்தது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன். வாசற்படியில் மூடி போட்ட ஒரு பாத்திரம் இருந்தது. மேலே ஒரு துண்டுக் காகிதம்: 'தடிமனுக்கு.' மூடியைத் திறந்தேன். மைசூர்ப் பருப்பில் செய்த சூப், மேலே புதினா. நான் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ரசம் கொடுத்தேனே, அதற்கு அவளுடைய பதில். இன்னும் சூடாக இருந்தது.

அதை நான் சிங்கில் ஊற்றினேன். பாத்திரத்தைக் கழுவி அவளுடைய படியில் வைத்துவிட்டு, பெல் அடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. ஊரில் சண்டைக்குள் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, பக்கத்து வகுப்பறையில் ஒரு முதியவர் இறந்துபோனார். அன்று மத்தியானம் அதே முற்றத்தில், அவரைக் கிடத்தியிருந்த வாங்கிலுக்குப் பத்தடி தள்ளி, எல்லாரும் வரிசையில் நின்று கஞ்சி குடித்தோம். அவருடைய மகள்தான் எனக்கு ஊற்றினாள். துடக்கு என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. இத்தனைக்கும் அங்கே ஐயரும் இருந்தார், அவரும் குடித்தார். அந்தச் சட்டமெல்லாம் எனக்குத் திரும்பி வந்தது லண்டனில் வீடு வாங்கி, வாசலுக்குக் கோலம் ஒட்டிய பிறகுதான்.

ஞாயிறு காலை, மேக்கப் செய்ய வந்த பெண் சட்டையை எடுத்து விரித்தாள்.

"அம்மா, what's this?" என்றாள் மகள்.

மேக்கப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் கதவடியில் நின்றா. "தைக்கேக்கை பட்டிருக்கும்," என்றேன். "பாவம் அவளும் என்ன நிலைமையிலை தைச்சவளோ. சடைக்குப் பூ வைச்சா மறைஞ்சிடும்."

ஒரே வாயில் பொய்யும் சொல்லி, பெருந்தன்மையும் காட்டினேன். மகள், "Poor aunty," என்று சொல்லித் தன் வேலையைப் பார்த்தாள். கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதற்கு முதல் நாளே விமானம் ஏறித் தன் ஊருக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. துக்கம் கழிக்கும் அந்தியேட்டிக்குரிய முப்பத்தொரு நாளும் கடந்துவிட்டது என்று எங்கள் கணக்கை அவளுடைய தாய்க்கும் போட்டுப் பார்த்துவிட்டு, பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "தடிமன் சுகமா அக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

தாயை எடுக்க இருபது நாள் ஆனதாம். தீக்குப் பிறகு முகம் பார்த்துச் சொல்ல வழியில்லை. இவளுடைய இரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். நகரத்துக்கு வெளியே வயலில் புதைத்திருக்கிறாள், பலகையில் பேருக்குப் பதிலாக முதலில் ஒரு இலக்கம் இருந்தது. எல்லாவற்றையும் அவள் அழாமல் சொன்னாள். பிறகு என் மகளின் கையைப் பிடித்து, "கல்யாணத்தைக் காட்டு. கொஞ்சம் நல்லதைப் பார்க்க வேண்டும்," என்றாள்.

மகள் போனில் வீடியோவைப் போட்டாள். எனக்கு அது வரப்போகிறது என்று தெரியும், ஆனால் எப்படித் தடுப்பது? தாலி கட்டும் கட்டம். முடிச்சுப் போடுவது தெரியவேண்டும் என்று மணமகளின் தோழி பூவையும் சடையையும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடிப்பாள், கமராக்காரர் பின்கழுத்துக்குக் கிட்டப் போவார். எங்கள் எல்லாக் கல்யாண வீடியோவிலும் இருப்பதுதான். மகளின் முதுகு திரை முழுக்க வந்தது. மணிகளுக்கு நடுவில் துளித் துளியாகக் கறை.

அவள் தொழில்காரி. மற்றவர்கள் தாலியைப் பார்க்கும்போது அவள் தன் தையலைப் பார்த்தாள். வீடியோவை நிறுத்தச் சொன்னாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"நான்தான்," என்றாள். "அழுதுகொண்டே தைத்தேன். துணியில் விழாமல் துண்டால் துடைத்துத் துடைத்துத்தான் தைத்தேன், விழவில்லை என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது." என் பக்கம் திரும்பினாள். "மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. உங்கள் மகளின் கல்யாண உடுப்பைக் கெடுத்துவிட்டேன்."

மகள், "No no, அன்ரி, it's nothing," என்று அவளைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அது நான் பேசவேண்டிய இடம். மஞ்சள் தண்ணீர் என்ற இரண்டு சொல்லுக்கு எனக்கு இங்கிலீஷும் தெரியும்.

"பரவாயில்லை," என்றேன். அவளுடைய முதுகையும் தடவிக் கொடுத்தேன். நான் அவளை மன்னித்துவிட்டேன்!

இப்போது மெஷின் திரும்ப ஓடுகிறது. ஆனால் காற்சட்டைக்குக் கீழ்மடிப்பு, திரைச்சீலை, சிப் மாற்றுவது, அவ்வளவுதான். கல்யாண உடுப்பு எடுப்பதில்லை. போன கோடையில் என் சிநேகிதி ஒருத்தி மகளின் சட்டையைக் கொண்டு வந்தபோது, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "பட்டு வேண்டாம் அக்கா. என் கையை இனி நம்ப முடியாது," என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். சிநேகிதி வேறு ஆளைத் தேடிப் போனாள்.

கதவைத் தட்டிச் சொல்லிவிடுவது என்று மூன்று தரம் போயிருக்கிறேன். ஒரு தரம் கத்தரிக்காய் கேட்டு வந்தேன். ஒரு தரம் குப்பை எடுக்கும் நாளைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் தரம் அவள் கேத்தலைப் போட்டுவிட்டு, தன் ஊரில் எரிந்த சந்தையைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று படம் காட்டினாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு, நல்லது நல்லது என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

அவளுடைய கையில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பட்டில் அவளுடைய கண்ணீர் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. இதைக் கேட்கவேண்டியவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். நானோ அதை அவளால் வாசிக்க முடியாத தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.